கவியரசர் வரி வாங்கிய வீடு

இரவீந்திரநாத தாகூரின் வாழ்க்கையைப் படித்தோர் இரண்டு இல்லங்களை நன்கு அறிவர். ஒன்று கல்கத்தாவில் ஜோராசாங்கோ என்னும் பகுதியில் உள்ள குடும்பப் பெருமாளிகை. அங்கே அவர் 1861ஆம் ஆண்டு மே மாதம் 7ஆந் திகதி பிறந்தார். 1941ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 7ஆந் திகதி அங்கேயே கண்மூடினார். மற்றொன்று சாந்திநிகேதனம். மரநிழலில் மாணவரை இருத்தி அவர் கல்வி புகட்டிய அந்த இடத்தை அறியாத ஆசிரியர் நம்முள் இரார்.

இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது இல்லம் ஒன்று உண்டு. பத்மா நதிக்கரையில், ஷிலாய்தஹா என்னும் சிற்றூரில், மாமரங்களுக்கும் பலாமரங்களுக்கும் நடுவே அது நிற்கிறது. ‘குட்டிபாடி’ என்பது அதன் பெயர். வணிகர்க்கும் நிலக்கிழார்க்கும் உரிய நாட்டுப்புற மாளிகையை வங்காளிகள் அவ்வாறு அழைப்பர். கவிஞர் அங்கே தவம் செய்யப் போகவில்லை. இயற்கை அழகைத் துய்க்கவும் போகவில்லை. குடியானவரிடம் வரி வாங்கப் போனார். வரி வாங்கப் போனவர் அங்கே எதைப் பெற்றார், பெற்றதற்கு ஈடாக எதைக் கொடுத்தார் என்பதே இக்கட்டுரையில் நான் ஆராய விழையும் பொருள்.

ஆறும் அவுரியும்

ஷிலாய்தஹா இன்று வங்காள தேசத்தின் குஷ்டியா மாவட்டத்தைச் சேர்ந்தது. தாகூரின் காலத்தில் அது பிரிக்கப்படாத வங்காளத்தின் நதியா மாவட்டத்துள் அடங்கியிருந்தது. ஊருக்கு வடக்கே பத்மா ஓடுகிறது. கங்கையின் பெருநீரைக் கடலுக்குக் கொண்டு செல்லும் ஆறு அது. மேற்கே அதன் கிளையாகிய கொராய் பிரிந்து செல்கிறது. மழைக்காலத்தில் மறுகரை தெரியாதபடி பெருகுவதும், வேனிலில் வெண்மணல் திட்டுகளை விட்டு ஒதுங்குவதும், ஓராண்டு தந்த நிலத்தை மறு ஆண்டு விழுங்குவதும் பத்மாவின் இயல்பு. அக்கரையில் வாழ்வோர் எவரும் தம் வீட்டை நிலையானதென்று எண்ணுவதில்லை.

அவ்வூரின் பழைய பெயர் கோர்ஷெத்பூர். ஷெல்லி என்னும் ஆங்கிலத் துரை ஒருவர் அங்கே அவுரிச் சாயத் தொழிலுக்கென ஒரு கட்டடம் எழுப்பினார் என்றும், இரண்டு ஆறுகளும் கூடும் இடத்தில் ஆழமான நீர்ச்சுழி ஒன்று இருந்ததென்றும், துரையின் பெயரோடு சுழியைக் குறிக்கும் ‘தஹ’ என்னும் சொல் சேர்ந்து ஷிலாய்தஹா ஆயிற்று என்றும் ஊர் வழக்குக் கூறுகிறது.

அவுரி என்ற சொல்லை நாம் எளிதிற் கடந்து போதல் ஆகாது. இலங்கை மலைநாட்டில் தேயிலையும் கோப்பியும் யாருக்காக விளைந்தனவோ, அவர்களுக்காகவே வங்காளத்து வயல்களில் அவுரி விளைந்தது. நெல் விளைய வேண்டிய நிலத்திலே முன்பணம் என்னும் வலையை வீசிக் குடியானவரை அவுரி விதைக்கச் செய்தனர் துரைமார். கடன் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. 1859, 1860ஆம் ஆண்டுகளில் நதியா, ஜெசோர் மாவட்டங்களின் உழவர் இனி அவுரி விதையோம் என்று எழுந்தனர். அக்கொடுமையைப் பொருளாகக் கொண்டு தீனபந்து மித்திரர் எழுதிய ‘நீல் தர்ப்பண்’ நாடகம் 1860இல் வெளிவந்து ஆட்சியாளரை அதிரச் செய்தது.

தாகூர் குடும்பத்துக்கு இப்பகுதி உரிமையானது அதற்கும் முந்திய கதை. கவிஞரின் பாட்டனார் துவாரகாநாத தாகூர், தம்மைத் தத்தெடுத்த இராமலோசன தாகூரின் 1807ஆம் ஆண்டு மரணசாதனத்தின்படி பிராஹிம்பூர் பர்கனாவுக்கு உரியவரானார். அதன் தலைமையிடம் ஷிலாய்தஹா. 1793ஆம் ஆண்டில் கார்ன்வாலிஸ் பிரபு ஏற்படுத்திய நிரந்தர நிலவரித் திட்டத்தின்படி, ஜமீன்தார் அரசுக்குக் குறித்த தொகையைக் கட்ட வேண்டும். குடிகளிடம் வாங்குவதில் எஞ்சியது அவருக்கு. துவாரகாநாதர் கப்பலும் வங்கியும் நிலக்கரியும் என்று பெருவாணிகம் செய்தவர். 1846இல் அவர் இலண்டனில் இறந்தபின் அவ்வாணிகம் சரிந்தது. குடும்பத்தைத் தாங்கி நின்றது நிலம் ஒன்றே. ஆகவே ஜோராசாங்கோவின் இசையும் நாடகமும் ஓவியமும் இந்நாட்டுப்புறக் குடிகளின் உழைப்பில் விளைந்தவை என்று சொன்னால் அது மிகையாகாது.

வீட்டின் அமைப்பு

தாகூர் சிறுவராயிருந்தபோது தம் தமையனார் ஜோதிரிந்திரநாதருடன் ஷிலாய்தஹா வந்ததுண்டு. அப்போது பழைய அவுரிக் கட்டடம் இருந்தது. கீழ்த்தளத்தில் ஜமீன் கச்சேரி. மேல்தளத்தில் குடும்பத்தார் தங்கும் அறைகள். நமது நாட்டில் அரசாங்க அதிபரின் பணிமனையைப் பேச்சு வழக்கிலே கச்சேரி என்கிறோம் அல்லவா? அச்சொல்லும் வங்காளத்து ஜமீன் அலுவலகத்தைக் குறிக்கும் சொல்லும் ஒன்றே. மலர்களைப் பிழிந்த சாற்றினால் கவிதை எழுத வேண்டுமென்று அச்சிறுவர் ஆசை கொண்டு, தச்சனைக் கொண்டு ஒரு பொறி செய்வித்ததும், மலர்கள் சேறானதன்றிச் சாறு வாராததும் அவர் முதுமையில் எழுதிய இளமை நினைவு நூலில் இடம்பெற்ற இனிய செய்திகள்.

பின்னர் ஆறு கரையை அரித்துக் கொண்டு வந்தது. பழைய கட்டடம் அழியும் நிலையை எய்தியபோது, அதிலிருந்து பெற்ற பொருள்களைக் கொண்டு ஆற்றைவிட்டுச் சற்று விலகிய இடத்தில் புதிய இல்லத்தை எழுப்பினர். இன்று நாம் காணும் குட்டிபாடி அதுவே. அவுரித் துரையின் கட்டடத்திலிருந்து வந்த பொருள் கவிஞர் இல்லத்தின் உடலாயிற்று. இச்செய்தியைப் படிக்குந்தோறும் என் உள்ளம் சற்று நின்றே நகர்கிறது.

ஏறத்தாழப் பதினொரு ஏக்கர் பரப்புள்ள சோலையினுள்ளே இல்லம் அமைந்திருக்கிறது. மாவும் பலாவும் பிற பசுமரங்களும் சூழ, பூந்தோட்டமும் இரண்டு குளங்களும் உடன் இருக்கின்றன. சுற்றுமதில் நேர்கோடாய்ச் செல்லாமல் அலையலையாய் ஏறியிறங்கிச் செல்கிறது. காண்போர்க்குப் பத்மாவின் அலைகள் நினைவுக்கு வரும். எளிய அழகு வாய்ந்த வாயில் தெற்கு நோக்கியது.

கட்டடம் மூன்று தளங்களை உடையது. மேலே செல்லச் செல்லச் சுருங்கிக் கொண்டு போவது. செங்கல், மரம், நெளிதகரம், இராணிகஞ்ச் ஓடு ஆகியவை கொண்டு கட்டியது. கீழ்த்தளத்திலும் முதல் மாடியிலும் நடுவே பெரிய கூடம். அவற்றைச் சூழச் சிறிதும் பெரிதுமாக அறைகள். மொத்தம் பதினைந்து அறைகள் வரை உண்டு. இவ்விரு தளங்களிலும் திறந்த விறாந்தைகளின் ஒரு பகுதியைச் சரிந்த ஓட்டுக்கூரை மூடுகிறது. உச்சியில் உள்ள தளத்துக்கு மட்டும் நான்கு புறமும் சரிந்து ஒரு முனையிற் கூடும் கூம்புக் கூரை.

ஐரோப்பியர் இந்தியாவிற் கட்டிய பங்களாக்களின் சாயல் இதில் உண்டு. ஆயினும் சரிந்த கூரையும் அகன்ற விறாந்தையும் வங்காளத்து மண்குடிசைக்கே உரியவை. கொட்டும் மழையைக் கூரை உடனே வழித்துவிடும். எரிக்கும் வெயிலை விறாந்தை சுவரண்ட விடாது. ஆற்றுக்காற்று எத்திசையிலிருந்து வரினும் கூடத்தின் ஊடே புகுந்து செல்லும். பங்களா என்ற சொல்லே வங்காளத்து வீடு என்னும் பொருளில் எழுந்ததாகும். குடியானவனின் குடிசையைத் துரைமார் கண்டு, பெரிதாக்கித் தமதாக்கிக் கொண்டனர். அதை வங்காளத்துச் செல்வர் மீண்டும் அவர்களிடமிருந்து பெற்றனர். மேல்மாடியில் நிற்பவர்க்கு முன்னாளில் ஒருபுறம் பத்மாவும் மறுபுறம் கொராயும் தோன்றின. வயலில் ஏர் பிடிப்போரும், துறையில் நீர் மொள்வோரும், கச்சேரிக்கு வரிப்பணத்தை முடிந்து கொண்டு வருவோரும் அங்கிருந்து தோன்றினர்.

ஜமீன்தார் வருகிறார்

1889ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தாகூர் ஜமீன் பொறுப்புடன் ஷிலாய்தஹாவுக்கு வந்தார். வயது இருபத்தெட்டு. தந்தையார் தேவேந்திரநாதர் உயிருடன் இருந்தமையால் நிலம் மகனுக்கு உரியதன்று. அவர் சார்பில் கணக்குப் பார்ப்பதும் வரி திரட்டுவதுமே மகனின் கடமை. நதியாவில் பிராஹிம்பூர், பாப்னாவில் ஷாஜாத்பூர், இராஜஷாஹியில் காளிக்கிராமம் என்று நிலங்கள் சிதறிக் கிடந்தன. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர்வழியாகவே செல்ல வேண்டும். குடும்பத்தின் படகுவீட்டுக்குக் கவிஞர் ‘பத்மா’ என்றே பெயரிட்டார்.

நகரத்துச் செல்வக் குடியிற் பிறந்து, வேலைக்காரரின் காவலில் வளர்ந்தவர் அவர். நாட்டுப்புறம் என்பது அதுகாறும் அவருக்கு ஏட்டில் உள்ளதொன்று. இப்போது படகின் சாளரம் அதைக் கண்முன் நிறுத்தியது. துறையில் குளிக்கும் பெண்கள், மணமாகிப் புகுந்த வீட்டுக்குப் படகேறி அழுது செல்லும் சிறுமி, வெள்ளத்தில் முற்றாத நெல்லை அறுத்துத் தோணியில் ஏற்றும் உழவர் எனக் கண்டவற்றையெல்லாம் தம் தமையனார் மகள் இந்திராதேவிக்குக் கடிதங்களாக எழுதினார். அவை பின்னர் 1912இல் ‘சின்னபத்ரம்’ என்னும் நூலாயின.

அவருடைய முதல் ஆண்டுகளைப் பற்றி அவ்வூரார் வழிவழியாகச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்குத் தொடங்கும் ‘புண்ணியாக’ நாளில் ஜமீன்தார் உயர்ந்த இருக்கையில் அமர்வார். பிராமணர்க்கு ஓரிடம், பிற இந்துக்களுக்கு வேறிடம், முஸ்லிம் குடிகளுக்கு இன்னுமோரிடம் என்பது வழக்கம். எல்லோர்க்கும் ஒரே விரிப்பு இட்டாலன்றித் தாம் அவைக்கு வாரேன் என்று இளைஞர் மறுத்துவிட்டாராம். அலுவலர் முணுமுணுத்தனர், ஆயினும் முடிவில் இருக்கைகள் அகன்றன, ஜமீன்தாரும் குடிகளோடு தரையில் அமர்ந்தார் என்பது கதை. குடிகளிற் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதை நினைத்தால் இதன் பொருள் விளங்கும்.

சிறுகதை என்னும் வடிவம் வங்காள மொழியில் உரம் பெற்றது இந்த ஆண்டுகளிலேதான். 1891இல் ‘போஸ்ட்மாஸ்டர்’ வெளிவந்தது. ஷாஜாத்பூர் ஜமீன் மாளிகையின் கீழ்த்தளத்தில் ஒரு தபாற்கந்தோர் இருந்தது; அதன் அதிபர் மாலையில் வந்து கவிஞருடன் பேசிக்கொண்டிருப்பார். அவ்வறிமுகமே கதையின் வித்து. 1892இல் ‘காபுலிவாலா’ வந்தது. ‘சோனார் தரீ’ என்னும் கவிதை நூல் 1894இல் வெளியாயிற்று. த. நா. குமாரஸ்வாமி போன்றோர் வங்க மொழியிலிருந்து நேரே பெயர்த்துத் தந்தமையால் தாகூரின் கதைகள் தமிழர்க்கு உறவினர் கதைகள் போலாயின. அவற்றின் மணல்திட்டும் மழையும் தோணித்துறையும் இந்த ஆற்றங்கரையின் கொடை.

அவ்வட்டாரம் பாட்டுக்கும் பெயர் பெற்றது. பாவுல் மரபின் பெரும்பாடகர் லாலன் ஷா குஷ்டியாவை அடுத்த செவுரியாவில் வாழ்ந்து 1890இல் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டில் ஜோதிரிந்திரநாதர் அவரைப் பென்சிலால் வரைந்த படம் இன்றும் இருக்கிறது. ஷிலாய்தஹாவின் தபாற்காரர் ககன் ஹர்காராவும் அம்மரபில் வந்த பாடகரே. கடிதப் பையைச் சுமந்து செல்லும் ஏழையாகிய அவரது பாட்டின் மெட்டிலேதான் 1905ஆம் ஆண்டு வங்கப் பிரிவினையை எதிர்த்துத் தாகூர் ‘ஆமார் சோனார் பாங்ளா’ என்னும் பாடலை அமைத்தார். அறுபத்தேழு ஆண்டுகளின்பின் அது வங்காள தேசத்தின் தேசிய கீதமாயிற்று.

கூரையைப் பற்றிய கதை

இனிச் சொல்ல வேண்டியது இக்கட்டுரையின் உயிர்நிலை.

1893இல் தாகூர் எழுதிய கதைகளுள் ‘சாஸ்தி’ ஒன்று. தண்டனை என்பது அதன் பொருள். துக்கிராம், சிதாம் என்னும் உடன்பிறந்தோர் இருவர் கூலிக்காரர். ஜமீன்தாரின் சேவகன் வந்து அவர்களை வலிந்து இழுத்துச் சென்று, கச்சேரியின் ஒழுகும் கூரையைச் செப்பனிடச் செய்கிறான். நாள் முழுதும் மழையில் நனைந்து உழைத்தவர்க்கு நியாயமான கூலி இல்லை, உணவில்லை, வசவு மட்டும் உண்டு. அவர்களது வயலில் அறுப்பதற்கிருந்த நெல் வெள்ளத்துக்கு அஞ்சிக் கிடக்கிறது. பசியோடு மாலையில் வீடு திரும்பிய மூத்தவன் சோறு கேட்கிறான். சமைக்க எதுவுமில்லாத மனைவி கடுஞ்சொல் கூறுகிறாள். கையிலிருந்த கத்தி அவள்மேல் விழுகிறது. அண்ணனைக் காக்க எண்ணிய தம்பி, தன் இளமனைவி சந்தராமீது பழியைச் சுமத்துகிறான். அவளோ, கணவனே இப்படிச் செய்தபின் வாழ்வதற்கு என்ன இருக்கிறதென்று பழியை ஏற்றுத் தூக்குமேடைக்குச் செல்கிறாள்.

கதையைப் படிப்போர் சந்தராவை நினைப்பர், அது தக்கதே. ஆனால் அக்கொலையின் வித்து எங்கே ஊன்றப்பட்டது? ஜமீன் கச்சேரியின் கூரையில். எழுதியவர் யார்? கச்சேரியை நடத்திய ஜமீன்தார். தம் கணக்கேடுகளில் வெட்டிவேலை என்று ஒரு வரியில் அடங்கிவிடக் கூடிய செயலொன்று ஒரு குடும்பத்தின் அடுப்படியில் எவ்வாறு இரத்தமாக மாறுகிறது என்பதை அவர் பின்தொடர்ந்து சென்று கண்டார்.

‘துயி பீகா ஜமீ’ என்னும் கதைப்பாட்டும் அந்த ஆண்டுகளுக்கு உரியதே. நீளமும் அகலமும் ஒத்த தோட்டம் வேண்டுமென்று ஆசைப்பட்ட நிலக்கிழான், உபேன் என்னும் ஏழையின் கடைசி இரண்டு பீகா நிலத்தைப் பொய்க்கடன் காட்டிப் பறிக்கிறான். பல ஆண்டு அலைந்து திரும்பிய உபேன், தான் வளர்ந்த மாமரத்தடியில் இருக்கும்போது இரண்டு பழங்கள் விழுகின்றன. அவற்றை எடுத்ததற்காகத் திருடன் என்ற பட்டம் அவனுக்குக் கிடைக்கிறது. நிலத்தைத் திருடியவன் நீதிபதியாக அமர்ந்திருக்கிறான். மாஞ்சோலை சூழ்ந்த ஓர் இல்லத்துக்கு உரிய குடும்பத்தவர் எழுதிய பாட்டு இது என்பதை நாம் மறத்தலாகாது.

இதனைக் கொண்டு சிலர் தாகூரைக் குடிகளின் தோழர் என்று போற்றி முடிப்பர். வேறு சிலர், வரியை வாங்கிக்கொண்டே வரி கொடுப்போனுக்காக அழுதவர் என்று எள்ளி முடிப்பர். இரண்டும் எளிதான முடிபுகள் என்பது என் எண்ணம். அவர் வரி வாங்குவதை நிறுத்தவில்லை. குடும்பமும் பிற்காலத்தில் பள்ளியும் அவ்வருவாயை நம்பியிருந்தன. ஆனால் தம் மாடியிலிருந்து தெரிந்ததைக் காணாததுபோல் அவர் இருக்கவும் இல்லை. அந்த முரண்பாட்டை மறைக்காமல் அதனுள்ளே இருந்து எழுதியதனால் அக்கதைகளுக்கு நீதிபோதனையின் வறட்சி ஏறவில்லை.

குடும்பம் வாழ்ந்த நாள்கள்

1898இல் கவிஞர் தம் மனைவி மிருணாளினி தேவியையும் ஐந்து மக்களையும் ஷிலாய்தஹாவுக்கு அழைத்து வந்தார். மிருணாளினி, தாகூர் ஜமீனில் அலுவல் பார்த்த ஒருவரின் மகள். குல்னாப் பகுதியின் கிராமத்திற் பிறந்தவர். ஜோராசாங்கோவின் கூட்டத்தில் ஒடுங்கியிருந்த அவருக்கு, இவ்வீட்டின் சமையற்கட்டும் காய்கறித் தோட்டமும் முதன்முறையாகத் தமக்கென்று ஓர் ஆட்சியை அளித்தன.

பள்ளிக்கூடத்தை வெறுத்து வெளியேறிய தந்தை, தம் மக்களுக்கு வீட்டிலேயே பள்ளி அமைத்தார். லாரன்ஸ் என்ற ஆங்கிலேயர் ஆங்கிலம் கற்பித்தார். பட்டுப்புழு வளர்ப்பதில் அவருக்குப் பெரும் பித்து. கணிதம் கற்பித்த ஜகதானந்த ராய், ஜமீன் அலுவலகத்தில் எழுத்தராயிருந்தவர். அவரது அறிவியல் நாட்டத்தைக் கண்ட கவிஞர், கணக்கேட்டிலிருந்து அவரை மீட்டு ஆசிரியராக்கினார். அவரே பின்னர் சாந்திநிகேதனத்தில் புகழ்பெற்ற ஆசிரியராகி, எளிய வங்காளத்தில் அறிவியல் நூல்கள் பல எழுதினார். சாந்திநிகேதனத்தின் முதல் வகுப்பறை ஷிலாய்தஹாவின் விறாந்தையே என்று நான் துணிந்து கூறுவேன்.

விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் ஓய்வு நாள்களில் வந்து தங்குவார். ஒவ்வொரு வருகைக்கும் புதிய கதையொன்று படித்துக் காட்ட வேண்டுமென்பது நண்பர்க்கு அவர் விதித்த வரி. இந்த வரியைக் கவிஞர் மகிழ்ந்தே செலுத்தினார்.

ஆயினும் இன்பம் நீடிக்கவில்லை. 1895இல் மருமக்களோடு கூடிக் குஷ்டியாவில் தொடங்கிய சணல், கரும்பு ஆலை வாணிகம் முறிந்து, கடன் கவிஞரின் தலைமேல் விழுந்தது. 1901இல் குடும்பம் சாந்திநிகேதனம் சென்றது. அவ்வாண்டு டிசம்பரில் அங்கே பள்ளி தொடங்கிற்று. அதற்காக மிருணாளினி தம் நகைகளைக் கழற்றித் தந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் அவர் மறைந்தார். 1903இல் மகள் ரேணுகா, 1905இல் தந்தையார், 1907இல் இளைய மகன் சமீந்திரன் என மரணம் அவ்வீட்டாரைத் தொடர்ந்தது. ஆற்றங்கரை வீட்டில் ஓடி விளையாடிய ஐவரில் இருவர் பத்தாண்டு முடியுமுன்னரே இல்லாமற் போயினர்.

கடன் தீர்க்கும் முயற்சி

குடிகளிடம் பட்ட கடனைத் தாகூர் எழுத்தால் மட்டும் தீர்க்க முயலவில்லை. 1905இல் காளிக்கிராமத்தின் பதிசார் என்னும் ஊரில் விவசாய வங்கி ஒன்றைத் தொடங்கினார். வட்டிக்காரனிடமிருந்து உழவனை மீட்பது அதன் நோக்கம். பிற்காலத்தில் நோபெல் பரிசுப் பணத்தையும் அவர் அவ்வங்கியிலேயே இட்டார். வங்காளத்துச் செல்வர் தம் மைந்தரைச் சட்டம் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிய அந்நாளில், அவர் தம் மூத்த மகன் இரதீந்திரநாதரை 1906இல் வேளாண்மை கற்க அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். குடிகளின் பணத்தில் கற்பவன் குடிகளுக்குப் பயன்படும் கல்வியைக் கற்க வேண்டும் என்பது அவர் துணிபு. 1909இல் திரும்பிய மகன் ஷிலாய்தஹாவில் பரிசோதனைப் பண்ணை அமைத்தார். மண்ணை ஆராயச் சிறு ஆய்வுகூடமும் வைத்தார். 1922இல் சாந்திநிகேதனத்தை அடுத்த சுருலில் எழுந்த ஸ்ரீநிகேதனம் என்னும் கிராம மறுமலர்ச்சி நிலையத்துக்கு இவையே முன்னோடி.

1912ஆம் ஆண்டு மார்ச் மாதம் கவிஞர் இங்கிலாந்துக்குக் கப்பலேற இருந்தார். புறப்படும் நேரத்தில் நோய் கண்டது. பயணத்தை நிறுத்தி, ஓய்வுக்காகப் பத்மா நதிக்கரை இல்லத்துக்கு வந்தார். கடுமையான சிந்தனை கூடாதென்று வைத்தியர் தடுத்திருந்தமையால், பொழுதுபோக்காகத் தம் பாடல்களை ஆங்கில உரைநடையிற் பெயர்க்கத் தொடங்கினார். சிறு குறிப்பேடு ஒன்று மெல்ல நிறைந்தது. மே மாத இறுதியில் அதனோடு கப்பலேறினார். இலண்டனில் நிலத்தடி இரயிலில் இரதீந்திரநாதர் அப்பெட்டியைத் தவறவிட்டு, தொலைபொருட் காரியாலயத்தில் மீட்டெடுத்தார் என்பது பலரும் அறிந்த கதை. ஓவியர் ரொதென்ஸ்டைன் கைக்கும், கவிஞர் யேற்ஸ் கைக்கும் அது சென்றது. அவ்வாண்டின் இறுதியில் ஆங்கில ‘கீதாஞ்சலி’ வெளிவந்தது; 1913இல் ஆசியாவுக்கு முதல் நோபெல் இலக்கியப் பரிசு கிடைத்தது.

வீடு யாருக்கு?

1920களின் தொடக்கத்தில் குடும்பச் சொத்துப் பிரிவினை நடந்தது. ஷிலாய்தஹா தமையனார் மகன் சுரேந்திரநாதரின் பங்காயிற்று. கவிஞருக்குக் காளிக்கிராமம் எஞ்சியது. இத்தனை கதைகளுக்கும் பாடல்களுக்கும் தாயாக இருந்த வீடு அவர் கையைவிட்டுப் போயிற்று. 1937இல், எழுபத்தாறு வயதில், பதிசாருக்குக் கடைசி முறையாகச் சென்று தம் குடிகளிடம் விடைபெற்றார்.

நமது நாட்டுக்கு அவர் 1922, 1928, 1934ஆம் ஆண்டுகளில் வந்தார். இறுதி வருகையின்போது ஹொரணையில் ஸ்ரீபாலி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்; யாழ்ப்பாணத்துக்கும் வந்தார்; தம் கடைசி நாவலாகிய ‘சார் அத்யாய்’ என்பதைக் கண்டியில் எழுதி முடித்தார். நம்மவர் வணங்கி வரவேற்ற வெண்தாடி முனிவரின் பின்னே, கச்சேரிக் கணக்கை ஏந்திப் படகேறிய கருந்தாடி இளைஞர் ஒருவர் இருந்தார் என்பதை அன்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனரோ!

1947இல் வங்காளம் பிரிந்தது. கவிஞரின் பிறந்தகம் ஒரு நாட்டிலும், ஆற்றங்கரை இல்லம் மற்றொரு நாட்டிலும் ஆயின. 1950ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கு வங்காளத்தில் ஜமீன்தாரி முறையை ஒழித்தது. 1971இல் வங்காள தேசம் பிறந்தது. இப்போது குட்டிபாடி பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னம். தாகூர் நினைவு அரும்பொருட்காட்சிச்சாலை. அவர் பயன்படுத்திய பல்லக்கும் படகும் அங்கே இருக்கின்றன. வைகாசி இருபத்தைந்து என வங்காளிகள் கொண்டாடும் அவர் பிறந்தநாளில் ஊரே திரண்டு அச்சோலையை நிறைக்கிறது. முன்னாளில் வரிப்பணத்தோடு அவ்வாயிலில் நின்றோரின் வழித்தோன்றல்கள் அவர் பாடல்களைப் பாடிக்கொண்டு உள்ளே போகின்றனர்.

தாகூரைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு நான் ஒன்று சொல்வேன். ‘கீதாஞ்சலி’யோடு நின்றுவிடாதீர்கள். அவர் ஞானி என்று மட்டும் கற்கும் மாணவன் அவரை வணங்குவான். தானும் எழுதலாம் என்று நினைக்க மாட்டான். ‘சாஸ்தி’யை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். படித்து முடித்ததும், அக்கதையில் ஒழுகியது யாருடைய கூரை என்று கேளுங்கள். எழுதுவோன் தான் நிற்கும் இடத்தையும், தன் உணவு எங்கிருந்து வருகிறதென்பதையும் கண்திறந்து பார்க்க வேண்டும் என்பதை அவன் தானே கண்டுகொள்வான். பின்னர் தன் ஊரின் குளக்கரையையோ தோட்டத்து லயத்தையோ மீன்பிடித் துறையையோ நோக்கி அவன் கண் திரும்புமாயின், ஷிலாய்தஹாவின் வீடு நமக்கும் பயன்பட்டதாகும்.